டைப்ரைட்டர் அல்ல



மின்னஞ்சல் புழக்கத்துக்கு வந்த காலத்தில் யூனிக்ஸ் இயந்திரங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரமான பதில் அவ்வப்போது வரும். முகவரி தவறாகப் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருப்பீர்கள். அது திரும்பி வரும். ஏன் போய்ச் சேரவில்லை என்ற காரணத்துக்கான இடத்தில் 'டைப்ரைட்டர் அல்ல' என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கும். கடிதம் அனுப்பியவனுக்கும் டைப்ரைட்டருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இதுதான். சி மொழியின் நூலகம் ஒரு கோப்பில் எழுதத் தொடங்கும்போது, மறுமுனையில் இருப்பது மனிதன் உட்கார்ந்திருக்கும் டெர்மினலா, வெறும் கோப்பா என்று கெர்னலைக் கேட்கும். டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும். கோப்பு என்றால் மொத்தமாகச் சேர்த்து அனுப்பும். டெர்மினல் இல்லையென்றால் கெர்னல் ஒரு பிழை எண்ணை வைத்துவிட்டுப் போகும். அது பிழையே இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில். ஆனால் அந்த எண் அங்கேயே கிடக்கும். பிறகு வேறு ஏதோ காரணத்தால் கடிதம் போகாதபோது, அஞ்சல் நிரல் 'கடைசியாக என்ன பிழை' என்று பார்த்து, அங்கே கிடந்த பழைய எண்ணை எடுத்து அச்சிட்டுவிடும். அந்த எண்ணுக்கு யூனிக்ஸை எழுதியவர்கள் வைத்த வாசகம் 'டைப்ரைட்டர் அல்ல'. பிற்காலத்தில் அதை மாற்றி, இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை என்கிற மாதிரி நாகரிகமாக எழுதிவிட்டார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். உண்மையைச் சொன்னது அதுதான். டெர்மினல் என்று நாம் சொல்லும் பொருள் கெர்னலுக்குள் இன்றைக்கும் ஒரு டைப்ரைட்டர்தான்.

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது அதற்கு முகம் என்றிருந்தது டெலிடைப். மாடல் 33 என்று ஒன்று. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். பெரிய எழுத்து மட்டும்தான், சிறிய எழுத்து கிடையாது. காகிதத்தில் அடிப்பதால் அழிக்க முடியாது. ஆகவே தவறாக அடித்த எழுத்தை ரத்து செய்ய '#' அடிக்க வேண்டும். வரி முழுவதையும் ரத்து செய்ய '@'. காகிதத்தில் எல்லாம் அப்படியே நிற்கும், கெர்னல்தான் மனதுக்குள் கழித்துக்கொள்ளும். அச்சுத் தலை வரியின் கடைசியிலிருந்து இடது ஓரத்துக்கு ஓடி வர, ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் கெர்னலில் இருந்த டிரைவர் கொஞ்சம் நிதானித்து அடுத்த எழுத்தை அனுப்பும். எவ்வளவு நிதானிப்பது என்பதற்குத் தனித்தனிக் கொடிகள்.

வீட்டுக்குப் போனதும் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எஸ்டிடிஒய் கட்டளையை 'எல்லாம் காட்டு' என்ற தெரிவோடு கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் வேகம் 38400 பாட் என்று போட்டிருக்கும். கம்பியே இல்லாத ஜன்னலுக்கு எதற்கு வேகம்? இன்னும் கீழே 'சிஆர்0' என்று ஒன்று கண்ணில் படும். அச்சுத் தலை ஓடிவரக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள். இல்லாத தலை, ஓடாத ஓட்டம். கணக்கு மட்டும் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

இந்த டிரைவரின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். நீங்கள் விசையைத் தட்டும்போது எழுத்து நேரே உங்கள் நிரலுக்குப் போவதில்லை. டிரைவர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது, திரையில் எதிரொலிக்கிறது, பேக்ஸ்பேஸ் வந்தால் கழிக்கிறது, கண்ட்ரோல்-சி வந்தால் நிரலைக் கொல்கிறது, என்டர் வந்தபிறகுதான் முழு வரியையும் நிரலிடம் நீட்டுகிறது. சமைத்துப் பரிமாறுவது. ஆங்கிலத்திலும் இதைச் சமைத்த நிலை, பச்சை நிலை என்றே சொல்வார்கள். வரி வரியாகப் பேசும் நிரலுக்குச் சமைத்தது போதும். எடிட்டர், மெனு, விளையாட்டு இவற்றுக்குத் தட்டியவுடன் எழுத்து வேண்டும். அப்போது டிரைவரிடம் சமையலை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்வது எப்படி என்பதில்தான் யூனிக்ஸ் குடும்பம் பாகம் பிரிந்தது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு சிறு பெட்டி இருந்தது: உள்வேகம், வெளிவேகம், அழிக்கும் எழுத்து, வரியைக் கொல்லும் எழுத்து, கொடிகள். ஐந்தே உறுப்பு. முழுச் சமையல், முழுப் பச்சை, இரண்டுக்கும் நடுவே 'சிபிரேக்' என்று அரைவேக்காடு ஒன்று. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் அறை கட்டினார்கள். நிரலைப் பாதியில் நிறுத்திவைக்கும் கண்ட்ரோல்-இசட் வேண்டுமா, அதற்கு இன்னொரு பெட்டி. பெல் ஆய்வகத்தின் இன்னொரு பிரிவோ வீட்டை இடித்துவிட்டு 1980களின் தொடக்கத்தில், சிஸ்டம் த்ரீ என்ற பதிப்பில், புதிதாகக் கட்டியது. அதன் பெயர் டெர்மியோ. உள்ளே வருவதற்கு ஒரு கொடித்தொகுதி, வெளியே போவதற்கு ஒன்று, கம்பிக்கு ஒன்று, வரிச் சமையலுக்கு ஒன்று. தனி எழுத்துகளுக்கு எட்டே எட்டு அறை கொண்ட ஒரு வரிசை. திருத்தமான வடிவமைப்பு. பெர்க்லியின் ஒட்டுவேலையைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. ஆனால் அந்த எட்டு அறையில் ஒரு சிக்கனம் செய்தார்கள். அந்தச் சிக்கனம் என் தலையில் விடிந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

1990களின் தொடக்கம். சென்னைக்கு அப்போது மெட்ராஸ் என்று பெயர். ஒரு கிடங்கின் சரக்கு இருப்புக் கணக்கு நிரல். பெர்க்லி வகை யூனிக்ஸில் யாரோ எழுதியது. அதை, சிஸ்டம் த்ரீயின் வாரிசான சிஸ்டம் ஃபைவ் வகை இயந்திரம் ஒன்றுக்கு நான் போர்ட் பண்ண வேண்டும். மெனு நிரல்: 1 தட்டினால் வரவு, 2 செலவு, 3 இருப்பு, 4 வெளியேற. என்டர் தட்ட வேண்டியதில்லை. பழைய நிரலில் 'சிபிரேக்' என்று இருந்த இடத்தில், டெர்மியோவில் 'வரிச் சமையலை அணை' என்ற கொடியைப் போட்டேன். கம்பைல் ஆனது, ஒரு முணுமுணுப்பு இல்லை. கம்பைலர் திட்டாவிட்டால் வேலை முடிந்தது என்று நம்பும் வயது. மெனு திரையில் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கிடங்குக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கிடங்குக் கணக்கர் போன் செய்தார். "சார், மூணு தட்டினா ஒண்ணும் வரலை. ஆனா நாலு தடவ தட்டினா வருது. வந்ததும் தானா எங்கெங்கயோ போகுது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது; விசைப்பலகை பழுது என்று நினைத்தேன். மாற்றிப் பார்த்தார்கள். அதே நாலு. போய் உட்கார்ந்தேன். 3, சலனமில்லை. 3, சலனமில்லை. 3, இல்லை. நாலாவது 3-க்குத் திரை விழித்துக்கொண்டு, நான்கையும் ஒரே விழுங்கில் விழுங்கி, மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாக இறங்கியது. ஐந்து இல்லை, மூன்று இல்லை, கச்சிதமாக நாலு.

அன்று சாயங்காலம் தலைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தபோது கண்டேன். சமைத்த நிலையில் 'கோப்பு முடிந்தது' என்று சொல்ல கண்ட்ரோல்-டி தட்டுகிறோமே, அந்த எழுத்துக்கு ஓர் அறை. பச்சை நிலையில் 'குறைந்தது எத்தனை எழுத்து வந்தால் நிரலை எழுப்பலாம்' என்ற எண்ணுக்கும் ஓர் அறை வேண்டும். பச்சை நிலையில் கண்ட்ரோல்-டிக்கு வேலை இல்லை. சமைத்த நிலையில் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே அறை போதுமே! பகல் ஷிஃப்ட் போனதும் இரவு ஷிஃப்ட் படுக்கும் மேன்ஷன் கட்டில் மாதிரி. நான் சமையலை மட்டும் நிறுத்தினேன், அறையைக் காலி செய்யவில்லை. அங்கே கண்ட்ரோல்-டி படுத்திருந்தது. கண்ட்ரோல்-டி-யின் எழுத்து எண் என்ன? ஆங்கில நெடுங்கணக்கில் டி நாலாவது. நாலு! நாலு எழுத்து வந்தால் எழுப்பு என்று கெர்னல் படித்துக்கொண்டது. காத்திருக்கும் நேரத்துக்கான அடுத்த அறையில் பூச்சியம் இருந்ததால், எவ்வளவு நேரமானாலும் அசையவில்லை. கண்ட்ரோல்-டி படுத்திருந்த அறையில் 1 என்று ஒரு வரி எழுதினேன். தீர்ந்தது.

பின்னாளில் வந்த லினக்ஸ் இந்த இரண்டுக்கும் தனித்தனி அறை கொடுத்துவிட்டது. சோலாரிஸ் கடைசிவரை ஒரே கட்டிலில்தான் படுக்கவைத்தது. அதனால் லினக்ஸில் ஒழுங்காக ஓடிய நிரலை சோலாரிஸுக்குக் கொண்டுபோன எத்தனையோ பேர், எனக்குப் பத்து வருடம் கழித்து, அதே நாலு தட்டு தட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு மொழிச் செய்தி. யாழ்ப்பாண நண்பர் ஒருவர் "அப்பா என்னைப் பேசிப்போட்டார்" என்றால், அப்பா அன்பாக உரையாடினார் என்று நாம் நினைப்போம். அவர் சொல்வது அப்பா திட்டினார் என்று. உரையாடுவதற்கு அவர்களுடைய சொல் கதைப்பது. 'கதைத்தார்' என்று அவர் சொன்னால் நமக்கு ஒரு நொடி தட்டும், என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். 'பேசினார்' என்றால் தட்டாது. தலையாட்டிவிட்டுப் போவோம். போர்ட் பண்ணும்போது கம்பைலர் 'இந்தப் பெயர் தெரியாது' என்று கத்தினால் அது கதைப்பது. அரை மணியில் தீர்த்துவிடலாம். பெயர் தெரிந்து, கம்பைல் ஆகி, பொருள் மட்டும் வேறாக இருப்பதுதான் நம்மை இரவு பதினொரு மணிக்குக் கிடங்கில் உட்காரவைக்கிறது.

இதுவரை சொன்னது விசையிலிருந்து நிரலுக்கு வரும் உள்பக்கம். நிரலிலிருந்து திரைக்குப் போகும் வெளிப்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது நன்றாகத் தீர்க்கப்பட்ட பிரச்சினை. ஒவ்வொரு கம்பெனியின் திரையும் கர்சரை நகர்த்த வெவ்வேறு எழுத்துக்கோவை கேட்டது. பெர்க்லியில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய், டெர்மினல்களின் குணங்களையெல்லாம் டெர்ம்கேப் என்ற ஒரே கோப்பில் பட்டியலிட்டார். புது டெர்மினல் வந்தால் நிரலைத் தொட வேண்டாம், பட்டியலில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். பிறகு மார்க் ஹார்ட்டன் அதையே டெர்மின்ஃபோ ஆக்கினார். விஐ-யில் கர்சர் நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு: பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் அந்த நாலு விசை மேல்தான் அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அவ்வளவுதான், தத்துவம் ஒன்றுமில்லை.

உள்பக்கத்துக்கு அப்படிப் பட்டியல் போட முடியவில்லை, ஏனென்றால் அது கெர்னலுக்குள் இருந்தது. 1988-இல் பாசிக்ஸ் தரநிலை வந்துதான் ஒரு சமரசம் பிறந்தது. டெர்மியோவின் உடம்பு, பெர்க்லியின் கண்ட்ரோல்-இசட். பெயருக்குப் பின்னால் ஓர் 'ஸ்' சேர்த்து டெர்மியோஸ். இந்தச் சமரசத்தில் எனக்கு மிகப் பிடித்தது, பெட்டிக்குள் நேரே கைவிடாதே என்று வேகத்துக்குத் தனியாகச் செயற்கூறுகள் வைத்தது. சிஸ்டம் ஃபைவ் வழியில் வேகம் கம்பிக் கொடிகளுக்குள் ஒளிந்திருந்தது. பெர்க்லி வழியில் தனி உறுப்பு. அதோடு போகவில்லை. 9600 பாட் என்பதற்கான பெயர் பெர்க்லி வழிவந்த இயந்திரங்களில் 9600 என்ற எண்ணாகவே இருந்தது. லினக்ஸில் நெடுங்காலம் அதன் மதிப்பு 13. பெயரை எழுதாமல் 9600 என்று எண்ணாகவே எழுதியவன் ஒரு பக்கம் தப்பித்தான், மறுபக்கம் மாட்டிக்கொண்டான்.

தரநிலையிலும் ஒரு வழுக்குப் பாறை உண்டு. அமைப்பை மாற்று என்று கேட்கும் செயற்கூறு, நீங்கள் கேட்ட பத்தில் ஒன்று நடந்தாலும் வெற்றி என்றே திரும்பும். மீதி ஒன்பது? நீங்களே மறுபடி வாசித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ரேஷன் கடையில் அட்டையில் எல்லாச் சாமானுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி மட்டும் போடுவார்களே, அது மாதிரி. பையைத் திறந்து பார்க்காமல் நகரக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 1992-இல் வந்த ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் யூனிக்ஸ் நிரலாக்கப் புத்தகம். எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருந்தது. டெர்மினல் பற்றிய பதினோராம் அத்தியாயத்தின் ஓரங்கள் மட்டும் கறுத்துப்போயிருந்தன.

வேறுபாடுகளை நிரலில் எப்படி வைப்பது? நாங்கள் செய்தது 'இஃப்டெஃப்'. இந்த இயந்திரமானால் இந்த வரி, அந்த இயந்திரமானால் அந்த வரி. மூன்று யூனிக்ஸ் வரை தாங்கும். ஏழாவது வரும்போது நிரலின் நடுவில் நிரல் இருக்காது, பழைய ஓட்டு வீட்டில் முட்டுக்கொடுத்த கட்டைகள்தான் இருக்கும். ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992-இல் இதை எதிர்த்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். தங்கள் சி நியூஸ் மென்பொருளைப் பல யூனிக்ஸ்களுக்குக் கொண்டுபோன அனுபவம். வேறுபாட்டை நிரல் முழுக்கத் தூவாதே, ஒரு சிறு இடைமுகத்துக்குப் பின்னால் தனிக் கோப்பில் வை என்பது அதன் சாரம். டெர்மினல் விஷயத்தில் அந்த இடைமுகத்துக்கு நாலு வேலைதான்: இப்போதைய நிலையைச் சேமி, பச்சையாக்கு, திருப்பி வை, திரையின் நீள அகலம் சொல். கடைசி வேலைக்குத் தரநிலையில் இடம் கிடைக்க 2024 ஆகிவிட்டது. அத்தனை காலமும் எல்லோரும் பெர்க்லி வழிக் கட்டளையைச் சொந்தச் செலவில் பயன்படுத்திக்கொண்டிருந்தோம்.

'திருப்பி வை' என்பதை மறந்தவர்களுக்கு ஒரு முதலுதவி. நிரல் பாதியில் செத்து, டெர்மினல் பச்சையாகவே நின்றுவிட்டது. தட்டுவது தெரியவில்லை, என்டர் வேலை செய்யவில்லை. பதற வேண்டாம். என்டர் விசை அனுப்புவது அச்சுத் தலையைத் திருப்பும் எழுத்தை. அதை வரி மாற்றும் எழுத்தாக்குவது டிரைவர். டிரைவர் அந்த வேலையை நிறுத்திவிட்டதால் என்டர் என்டராக இல்லை. கண்ட்ரோல்-ஜே தட்டுங்கள், அது நேரடியாக வரி மாற்றும் எழுத்து. தட்டுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கண்ட்ரோல்-ஜே, 'எஸ்டிடிஒய் சேன்', மறுபடி கண்ட்ரோல்-ஜே. பித்துப் பிடித்தவனைத் தெளியவைக்கும் மந்திரம். 'சேன்' என்றாலே தெளிந்த புத்தி என்றுதான் பொருள்.

ஜன்னல்கள் வந்தபின் டெர்மினலே பொய்யானது. டெர்மினல் எமுலேட்டர் என்பது ஒரு நிரல். அது உள்ளே ஓடும் ஷெல்லிடம் 'நான்தான் டைப்ரைட்டர்' என்று நடிக்க வேண்டும். அந்த நாடகத்துக்கு மேடை, போலி டெர்மினல் ஜோடி. மேடை போடும் விதத்திலும் ஊருக்கு ஊர் வழக்கம். பெர்க்லி வழியில் பிடிஒய்பி0, பிடிஒய்பி1 என்று வரிசையாகக் கதவு தட்டிக்கொண்டே போய், திறந்த வீட்டில் நுழைய வேண்டும். சிஸ்டம் ஃபைவ் வழியில் ஒரே வாசல். டோக்கன் வாங்கி, உரிமை மாற்றி, பூட்டுத் திறந்து, பெயர் கேட்டு மறுமுனையைத் திறக்க வேண்டும். அதன்பிறகும் அதன் தலையில் இரண்டு மென்பொருள் சில்லுகளைச் செருக வேண்டும். யூனிக்ஸை எழுதியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சி 1984-இல் எழுதிய ஸ்ட்ரீம்ஸ் என்ற அழகான கருத்தின் வாரிசு அது. செருக மறந்தால் ஷெல் அந்தப் போலியைப் பார்த்துவிட்டு, பழைய வாசகத்தையே சொல்லும்: டைப்ரைட்டர் அல்ல.

நாடகம் முடியும் இடத்திலும் வேறுபாடு. உள்ளே ஓடிய ஷெல் வெளியேறி, மறுமுனை மூடிவிட்டது. இந்த முனையில் வாசித்துக்கொண்டிருக்கும் எமுலேட்டருக்கு என்ன கிடைக்கும்? பெர்க்லி வழியினரிடம் பூச்சியம், அதாவது கோப்பு முடிந்தது. லினக்ஸில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. பெர்க்லி வழிவந்த மாக்கில் எழுதியதை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், பயனர் ஒவ்வொரு முறை ஒழுங்காக வெளியேறும்போதும் நிரல் ஏதோ விபத்து நடந்த மாதிரி அலறும். ஒன்றும் நடக்கவில்லை, ஆள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

தமிழுக்கு இதில் ஓர் இடம் உண்டு. லினக்ஸ் டிரைவருக்கு 2004-இல் ஒரு புதிய கொடி வந்தது: வருவது யூடிஎஃப்-8 எழுத்து, பைட்டு பைட்டாக அழிக்காதே என்று சொல்லும் கொடி. அதற்கு முன் 'தமிழ்' என்று தட்டி அழிக்கப் பதினைந்து பேக்ஸ்பேஸ். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண், ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. கொடி வந்தபின் ஐந்தில் முடிந்தது. ஆனால் டிரைவர், டெலிடைப் கணக்கிலேயே, ஒரு குறியெண் போனால் திரையில் ஒரு கட்டம் பின்னால் போகிறது. திரைக்கோ வேறு கணக்கு. மார்க்கஸ் கூன் எழுதிப் பலரும் எடுத்தாண்ட அகல அட்டவணைப்படி புள்ளிக்குக் கட்டமே கிடையாது. இன்னொரு வேடிக்கை: யூனிக்கோடில் இகரக் குறி இடம் அடைக்கும் வகை, ஈகாரக் குறி இடம் அடைக்காத வகை. ஆகவே அந்த அட்டவணைப்படி 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்த நமக்கு இது எப்படி இருக்கும்!

போன மாதம் வீட்டில் ஒரு சிறு நிரல் எழுதினேன். 'பெயர்:' என்று கேட்கும், பதிலை வாங்கிக்கொள்ளும், சமைத்த நிலையில். 'தமிழ்' என்று தட்டினேன். திரையில் நாலு கட்டம். அழிக்கத் தொடங்கினேன். முதல் தட்டில் புள்ளி மட்டும் போக வேண்டும். ழகரமும் சேர்ந்து மறைந்தது, டிரைவரின் கையில் அது இன்னும் இருக்கிறது. அங்கிருந்து திரை ஓர் அடி முன்னால், டிரைவர் ஓர் அடி பின்னால். ஐந்தாவது தட்டில் நான் தட்டாத எழுத்து ஒன்று போயிற்று: 'பெயர்' என்பதற்குப் பின்னாலிருந்த முக்காற்புள்ளி. முன்வரிசையில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இப்போதே போட்டுப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஐந்தாவதில் போகாது. 'மி'யை ஒரே கட்டத்தில் வரையும் எமுலேட்டர் வைத்திருப்பவருக்கு, நாலாவது தட்டிலேயே போய்விடும்.